பதினோரு ஆரஞ்சுகள்

மானா பூல்ஸ் வாசலில்
காவலர் எங்கள் பையைத் திறந்து
பதினோரு ஆரஞ்சுகளை எடுத்துக்கொண்டார்.
"யானைக்கு வாசனை எட்டினால்
கார் கதவு அப்பளம்" என்றார்.
ரசீது வேறு கொடுத்தார், கையெழுத்துப் போட்டு.

கூடாரம் மச்சினன் டெண்டாயுடையது.
எட்டுக் கம்பி இருக்கவேண்டிய உறையில் ஏழு.
எட்டாவதற்குத் துடைப்பக் கட்டையைச் செருகினேன்.
காட்டுக்கு எதற்குத் துடைப்பம் என்று
புறப்படும்போது கேட்டவன் நான்தான்.
செகாய் அதை நினைவூட்டவில்லை.
நினைவூட்டாமல் இருப்பதில்
அவளுக்கு இணை யாருமில்லை.

மாலையில் சாம்பேசி செம்பு கரைத்து ஓடியது.
நீர்யானைகள்
தங்கள் ஜோக்குக்குத் தாங்களே சிரிக்கும்
மாமாக்கள்போல முழங்கின.
அதை ருவிம்போ தம்பிக்குச் சொன்னாள்,
வயிற்றைப் பிடித்துக் குலுக்கி, கன்னத்தை உப்பி.
முஃபாரோவுக்குக் காது கேளாது. ஒன்பது வயது.
எங்கள் வீட்டில்
சண்டைகூட விளக்கைப் போட்டுக்கொண்டுதான்.

மக்காச்சோளக் களி, கப்பென்டாக் கருவாடு.
நெருப்பு தணிந்தது.
டார்ச்சை அணைத்தேன்;
அவனோடு பேச்சும் அணைந்தது.

எத்தனை மணியோ,
தோளை உலுக்கினான்.
என் உள்ளங்கையை இழுத்துத் தரையில் அழுத்தினான்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்,
இருட்டில், யாருக்கோ.
அவன் விடவில்லை.
பிறகு எனக்கும் வந்தது:
தூரத்தில் நிறுத்திவைத்த லாரியின் எஞ்சின்போல,
ஆனால் சத்தமில்லாமல், எலும்புக்குள்.
முன்னே வந்த மணியோசை
இவன் ஒருவனுக்குத்தான் எட்டியிருக்கிறது.

நிலவொளியில் கூடாரத் துணிமேல்
ஒரு சுவர் நகர்ந்தது.
உலர்ந்த காய்கள் நொறுங்கின.
யாருக்கோ வயிறு உறுமியது; எங்களில் யாருக்கும் அல்ல.
ருவிம்போ என் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முஃபாரோ என் உள்ளங்கையில் விரலால் வரைந்தான்.
ஒரு வட்டம்.
மறுபடி ஒரு வட்டம்.
நிலாவா? கண்ணா? சக்கரமா?
மூன்றாவது வட்டத்தின் நடுவே
நகத்தால் ஒரு புள்ளி குத்தினான்,
காம்பு கழன்ற குழி.

டஜனுக்குப் பன்னிரண்டு.

தலையணை உறைக்குள் இருந்தது.
வெளியே எறியலாம்:
எறிந்தால் நாளை இன்னொரு கூடாரத்தில் வந்து கேட்கும்.
வைத்திருக்கலாம்:
துடைப்பக் கட்டை தாங்காது.
நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே
செகாய் அதை உரிக்காமல் பிய்த்து
தோலோடு, கொட்டையோடு
நான்கு வாயிலும் திணித்துவிட்டாள்.
கிறிஸ்துமஸ் காலையில்கூட
எங்கள் வீட்டில் அப்படியொரு வாசனை எழுந்ததில்லை.
மென்றோம். கசந்தது.
நாங்கள் நிறுத்தியபோது
வெளியே மெல்லுவது கேட்டது.

துதிக்கை துணியை முகர்ந்துகொண்டே வந்து
முஃபாரோவின் தலைமாட்டில் நின்றது.
துணி உள்ளே குழிந்தது. நிமிர்ந்தது. குழிந்தது.
அவன் கையை நீட்டினான்.
பிடித்து இழுத்தேன்.
நீட்டிய கை சூடாக இருந்தது, பிசுபிசுப்பாக.

அது போனதையும் அவன்தான் சொன்னான்:
தரையிலிருந்து என் கையை
அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதுபோல
மெல்ல எடுத்து என் நெஞ்சில் வைத்தான்.

காலையில் கூடாரத்தைச் சுற்றித்
தாம்பாளம் தாம்பாளமாகத் தடங்கள்.
துடைப்பக் கட்டை நிமிர்ந்தே நின்றது.
ஜீப்பை நிறுத்திக் காவலர் கேட்டார்:
"ராத்திரி விருந்தாளி வந்தாரோ?"
வந்தார் என்றேன்.
"ஏன் வந்தாராம்?"

முஃபாரோ இரண்டு கையாலும் நீளமாகச் சொன்னான்;
வட்டம், பல், கசப்பு, குழிந்த துணி,
ஒன்றையும் விடவில்லை.
"பையன் என்ன சொல்கிறான்?"
பல்லிடுக்கில் ஒரு நாரை நாக்கால் தேடியபடி
செகாய் சொன்னாள்:
"உங்களுக்கு வணக்கம் சொல்கிறான்."

காவலர் தொப்பியைக் கழற்றினார்.
எங்கள் பக்கத்து வழக்கப்படி
கைகளைக் குவித்து மெல்லத் தட்டி
அவனுக்குப் பதில் வணக்கம் வைத்தார்,
அதே நீளத்துக்கு.